கோதையின் விரல்

குளுக்கோஸ் தண்ணியக் குடிச்சிட்டியா தங்கச்சி? பூராத்தையுமா? டம்ளரக் காட்டு. அடியில தங்கியிருக்கு பாரு, துளி தண்ணி ஊத்திக் கலக்கி அதையும் குடிச்சிரு. மிச்சம் வச்சா டெஸ்டு தப்பா வரும். கொமட்டும். கொமட்டத்தான் செய்யும், அடக்கிக்கோ. வாந்தி எடுத்துட்டா இன்னொரு நாளைக்கு வெறும் வயித்தோட வரச் சொல்லிருவாக. கண்ண மூடாத, மூடினா கூடக் கொமட்டும். செவத்துல சாஞ்சுக்கிட்டு யார்கூடயாவது பேசிக்கிட்டே இரு, ரெண்டு மணி நேரம் ஓடிரும்.

எத்தனாவது மாசம்? ஆறா. எனக்கும் ஆறுலதான் பாத்தாக. எந்த ஊரு நீ? மேலூரா. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் சொந்தம் யாரும் உண்டா? சிவகாசியில? இல்லையா. இல்ல, சும்மாதான் கேட்டேன்.

நான் எனக்குப் பாக்க வரல. எங்க வீட்டுக்காரரோட தங்கச்சி, கோதைன்னு பேரு, உள்ள டாக்டர் ரூம்ல இருக்கா. அவளுக்குத்தான். கூட வாங்க மதினின்னு கையப் பிடிச்சு இழுத்தா. நான்தான், நீ போயிட்டு வா, பையப் பாத்துக்கிட்டு இருக்கேன்னுட்டேன். பைல என்ன இருக்கு, ஒரு தண்ணி பாட்டிலும் பழைய சீட்டும். ஏன் உள்ள போகலன்னு நீ கேக்கல. ஆனா எவளாவது கேட்டாத் தேவலைன்னு இருக்கு எனக்கு.

எங்க வீட்டுல பால்கோவா போடுறது. பெரிய கடையெல்லாம் இல்ல. வீட்டுக்குப் பின்னாடி அடுப்பு, முன்னாடி கடை. காலையில நாலு சட்டி இறக்குவோம். சீனி போட்டுக் கிண்டி, இறக்குறதுக்கு முந்தி ஒருத்தர் ருசி பாக்கணும். இனிப்புச் சரியா, பால் அடிப்பிடிச்ச வாடை ஏறிருச்சான்னு பாக்கணும். முந்தி எங்க அத்தை பாத்தாக. நான் வாக்கப்பட்டு வந்த மறு வருசமே, "ரெங்கநாயகி நாக்குதான் நாக்கு, இனிமே அவளே பாக்கட்டும்"னு நாலு பேர் முன்னாடி சொல்லிட்டாக. அம்புட்டுத்தான். நான் சரின்னு சொல்லாம சட்டி இறங்காது. அடுப்புல நிக்கிற ஆம்பளையாளுக நாலு பேரும் என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிப்பாக. படிப்பும் இல்ல, பெருசா நகையும் போட்டு வரல. இந்த வீட்டுல எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்.

அப்படியாப்பட்ட வீட்டு மருமகளுக்குச் சீனின்னு சொன்னா எப்படி இருக்கும்? இந்தத் தண்ணியக் குடிச்சிட்டுப் பாத்ததுல நூத்தி எழுபத்தி ரெண்டு. டாக்டரம்மா, இது கர்ப்பத்தோட வர்ற சீனிம்மா, பிள்ளை பெத்ததும் பெரும்பாலும் போயிரும், பயப்படாத, ஆனா பிள்ளைக்காகக் கட்டுப்பாடா இருக்கணும்னாக. நான் அங்கேயே அழுதேன். பயந்து அழல தங்கச்சி. கேவலமா இருந்துச்சு. கடைக்கு வர்றவுக என்ன பேசுவாக? வித்தது போக மிச்சத்தைப் பூராம் இவளே தின்னுருப்பான்னு பேசுவாகல்ல?

அத்தைய ஒரு குத்தம் சொல்ல முடியாது. எனக்குன்னு தனியா கீரை, பயறு, அரை வயித்துக்குச் சோறுன்னு அவுகளே பாத்துப் பாத்து வச்சாக. சாயங்காலம் ஆண்டாள் கோவில் மட வீதியச் சுத்தி என்னைக் கூட்டிக்கிட்டு நடந்தாக, முட்டி வலியோட. ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாக: "கோதைக்கு மாப்பிள்ளை பாக்குறோம். இந்த வீட்டுல சீனின்னு ஒரு வார்த்தை வெளிய போயிரக் கூடாதுத்தா." அப்புறம், "ருசி பாக்குறத நான் பாத்துக்கிறேன், நீ விட்டுரு"ன்னாக. நான் சரின்னேன்.

விடல. எங்க விட்டேன்! அத்தை கடைக்குப் போனதும் அடுப்புப் பக்கம் போயிருவேன். ருசி பாக்குறதுதான, திங்கவா செஞ்சேன்? ஒரு சட்டிக்கு இலைத்துண்டுல ரெண்டு விரக்கடை. நாலு சட்டிக்கு எட்டு. சரி, சில நாள் ரெண்டாவது தடவையும் பாப்பேன், உறுதிப்படுத்திக்கணும்ல. அதுக்குப் பேரு சாப்பாடா?

எங்க ஊரு ஆஸ்பத்திரியில ஜெபராணின்னு ஒரு சிஸ்டர். அவுகதான் சீனி வந்த பிள்ளைத்தாச்சிகளைப் பூராம் பாக்குறது. விரல்ல குத்துற மெசினக் குடுத்து, ஒரு நாளைக்கு நாலு தடவை குத்தணும், நோட்டுல எழுதுனா நம்ப மாட்டேன், மெசினைப் போட்டோ எடுத்து வாட்ஸப்புல போடணும்னுட்டாக. காலையில வெறும் வயித்துல நல்லாத்தான் இருக்கும். மத்தியானம் சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பாத்தா நூத்தித் தொண்ணூறு, இருநூறு. நூத்தி இருபதுக்குள்ள இருக்கணும். ஒரு நாள் சிஸ்டர் பேசியே அனுப்புனாக: "என்ன ரெங்கநாயகி, பால்கோவா தின்னியாம்மா? இப்படியே போனா ஊசிதான்." நான் போன எங்க வீட்டுக்காரர் கைல குடுத்து, என்னன்னு கேளுங்கன்னு சொல்லிட்டேன், கிறுக்கி. கடையில ஆளுக நிக்கிறாக. அவரு சத்தமாப் போட்டு விட்டாரு. அத்தை திரும்பி என்னையப் பாத்தாக. இலைத்துண்ட எடுத்துக்கிட்டு அவுகளே அடுப்புப் பக்கம் போனாக. அன்னைக்கு நான் செத்துருக்கலாம்.

அப்புறம்தான் கோதை, என் விரல்ல வேணாக் குத்திக்கோங்க மதினின்னா.

இல்ல. பொய் சொல்லக் கூடாது, வயித்துப் பிள்ளைக்காரிகிட்ட. நான்தான் கேட்டேன்.

அவளுக்கு அப்ப இருபத்தி மூணு வயசு. நர்சரி ஸ்கூல்ல டீச்சர். ஒல்லியா, ஓடியாடிக்கிட்டு, சீக்கு நோவுன்னு ஒரு நாள் படுத்தவ இல்ல. ரெண்டு மணிக்கு சைக்கிள்ல வருவா, பசியோட. "ஒரு நாளைக்கு மட்டும் குடு கோதை, நாளையில இருந்து நான் ஒழுங்கா இருக்கேன்"னேன். "ஐய, மதினி, இது தப்பில்லையா?"ன்னா. "ஊசி போட்டா பிள்ளைக்கு ஆகாதாம்"னு ஒரு பொய்யச் சொன்னேன். யாரும் எனக்கு அப்படிச் சொல்லல. நானாச் சொன்னது. சோறு திங்கிறதுக்கு முந்தியே விரல நீட்டிட்டா.

நூத்திப் பதினெட்டு. சிஸ்டர் கை தட்டுற பொம்மையப் போட்டு அனுப்புனாக. மறுநாள் நூத்திப் பதினாறு. அடுத்த நாளும் அப்படித்தான். பத்து நாளைக்கு மேல அப்படியே ஓடுச்சு. மத்தியானக் குத்துக்கு என் விரல நான் தொடவே இல்ல. போட்டோ எடுத்து அனுப்புறதையும் அவளே பாத்துக்கிட்டா, என் போன வாங்கி. அத்தைக்கும் சந்தோசம், "நல்லாக் கட்டுப்படுத்திட்டாளே"ன்னு. அந்த வார்த்தை எனக்கு எம்புட்டு இனிச்சது தெரியுமா? திரும்பவும் சட்டிக்கு நான்தான்.

அந்த ஞாயித்துக்கிழமை சிவகாசியில இருந்து கோதையப் பொண்ணு பாக்க வந்தாக. கேசரி, பஜ்ஜி, நம்ம கோவா, எல்லாந்தான். அவுக சம்மதம்னு சொல்லிட்டுக் கெளம்புனதும், வீடே சிரிப்பா இருக்கு, கோதை பட்டுச் சேலையோட ஓடி வந்து, "மதினி, மணி ரெண்டாச்சு, சிஸ்டர் தேடுவாக"ன்னு விரல நீட்டுனா. குத்துனேன். இருநூத்தி அறுபத்தெட்டு.

நான் மெசினையே பாத்துக்கிட்டு இருக்கேன். அதுக்குள்ள அவ பழக்கத்துல போட்டோ எடுத்து அனுப்பிட்டா. அனுப்பிட்டுத்தான் நம்பரப் பாக்குறா. "என்ன மதினி, இம்புட்டுக் காட்டுது?"

"கேசரி தின்ன கையோட குத்துனா அப்படித்தான் காட்டும்"னேன்.

"கழுவிட்டு வரவா?"

"வேணாம், வேணாம். நீ போயி சேலைய மாத்து."

கையில இனிப்பு ஒட்டியிருந்தா கூடக் காட்டும்தான், அது நெசம். ஆனா அவ கழுவிட்டு வரேன்னு சொன்னப்ப நான் ஏன் வேணாம்னேன்? அதத்தான் யோசிச்சுக்கிட்டே இருக்கேன். ரெண்டு நாள் கழிச்சு, மெசின் சரியா இருக்கான்னு பாக்கணும்னு சொல்லி, சோறு தின்ன பிறகு சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லிக் குத்துனேன். இருநூத்தி ஐம்பத்தி நாலு. மெசின் கெட்டுப் போச்சு போலன்னு அவகிட்டச் சொல்லி, அவ பாக்குறதுக்குள்ள அமத்திட்டேன்.

அதுக்கு முந்தியே, அந்த ஞாயித்துக்கிழமையே சிஸ்டர் கூப்பிட்டுட்டாக. திங்கக்கிழமை காலையில ஆஸ்பத்திரிக்கு வா, வந்தே ஆகணும்னு. போனேன். சாப்பிடச் சொல்லி ரத்தம் எடுத்தாக. என் ரத்தம். இருநூத்தி நாலு. ஸ்கேன் பண்ணாக, பிள்ளை மாசத்துக்கு மீறிப் பெருசா இருக்குன்னாக. ஜெபராணி சிஸ்டர் என்னைத் தனியாக் கூட்டிட்டுப் போயி, கதவச் சாத்திட்டு, பக்கத்துல உக்காந்தாக. அவுக கத்தியிருந்தாக் கூட நல்லாருந்திருக்கும்.

"பத்து நாளா நூத்திப் பதினாறு, பதினெட்டு. நேத்து இருநூத்தி அறுபத்தெட்டு. யாரு ரத்தம்மா இது?"

"என்னோடதுதான் சிஸ்டர்."

"உன்ன நான் திட்ட மாட்டேன். டாக்டரம்மாகிட்டயும் சொல்ல மாட்டேன். உனக்கு ஊசி போட்டுச் சரி பண்ணிரலாம். ஆனா இது வேற யாரோடதாவது இருந்தா, அந்த ஆளுக்குச் சீனி இருக்கும்மா. அவங்களுக்கே தெரியாம இருக்கும். ஒரு தடவை கூட்டிட்டு வா, போதும்."

"என்னோடதுதான். என் வயித்துப் பிள்ளை மேல சத்தியமா."

வயித்துல கைய வச்சுச் சத்தியம் பண்ணேன். சிஸ்டர் என் கையவே பாத்துக்கிட்டு இருந்தாக. அப்புறம் எந்திரிச்சு ஊசி போடச் சொல்லிக் குடுத்தாக. வயித்துத் தோலக் கிள்ளிப் பிடிச்சு எப்படிப் போடணும், எந்த நேரம் போடணும்னு பொறுமையாத்தான் சொன்னாக. ஒண்ணும் வலிக்கல. எறும்பு கடிக்கிற மாதிரி கூட இல்ல. இதுக்காடா இம்புட்டும்னு இருந்துச்சு.

அதுக்கப்புறம் நான் ஒழுங்கா இருந்தேன் தங்கச்சி. அடுப்புப் பக்கமே போகல. "நாக்கு எங்க போயிரப் போகுது, பிள்ளையப் பெத்துட்டு வா"ன்னு அத்தை சொன்னாக. என் விரல நானே குத்துனேன். பொண்ணு பொறந்தா, மூணு கிலோ எழுநூறு. பொறந்ததும் அவளுக்குச் சீனி எறங்கிப் போயி ரெண்டு நாள் கண்ணாடிப் பெட்டியில வச்சிருந்தாக. அப்புறம் நல்லாயிட்டா. இப்ப ரெண்டு வயசு, வீட்ட ரெண்டாக்குறா. எனக்கும் போயிருச்சு. ஆறு வாரத்துல பாத்தாக, இல்ல. வருசா வருசம் பாத்துக்கணும்னாக, பாத்தேன், இல்ல. எனக்குப் போயிருச்சு பாரு.

கோதைகிட்டயா? சொல்லல.

சொல்லணும்னுதான் நெனச்சேன். நிச்சயத்துக்குத் தேதி குறிச்சுட்டாக. நிச்சயம் முடியட்டும்னு நெனச்சேன். நிச்சயம் முடிஞ்சுச்சு, கல்யாணம் முடியட்டும்னு நெனச்சேன். சீனின்னு தெரிஞ்சா மாப்பிள்ளை வீட்டுல நிறுத்திருவாக. அவ வாழ்க்கைய நெனச்சுத்தான் தங்கச்சி வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன். அவ நல்லதுக்குத்தான்.

என்ன அப்படிப் பாக்குற? சரி. உனக்கு எப்படித் தெரியும்னு வீட்டுல கேட்டா நான் என்ன சொல்லுவேன்? அதுவுந்தான். அதுதான்னு வச்சுக்கோயேன்.

கல்யாணம் ஜாம்ஜாம்னு நடந்துச்சு. அஞ்சு மாசத்துல உண்டாயிட்டா. மூணாவது மாசம் முடியல, கலைஞ்சு போச்சு. ஏன்னு ஆஸ்பத்திரியில எல்லாம் பாத்தப்பதான் சீனி முந்நூறுக்கு மேலன்னு தெரிஞ்சுச்சு. இது இன்னைக்கு நேத்து வந்தது இல்ல, ரொம்ப நாளா இருந்திருக்கணும், முந்தியே தெரிஞ்சு மருந்து எடுத்துட்டு உண்டாயிருந்தா இந்தப் பிள்ளை தங்கியிருக்கலாம்னு அந்த டாக்டர் சொன்னாராம். தங்கியிருக்கலாம்னு.

சிவகாசிக்காரவுக நேரா எங்க வீட்டுக்கு வந்து உக்காந்துட்டாக. சீக்குக்காரின்னு தெரிஞ்சே எங்க தலையில கட்டிட்டீகன்னு. எங்க அத்தை, அறுபது வயசு மனுசி, சம்பந்தி முன்னாடி கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டு, "ஆண்டாள் மேல ஆணையா எங்களுக்குத் தெரியவே தெரியாது, எங்க வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது"ன்னு சொல்றாக. நான் காப்பித் தட்டோட பின்னாடி நிக்கிறேன். ஒருத்தருக்கும் தெரியாதுன்னு சொல்றாக. காப்பிய எடுத்துக் குடுத்தேன். சீனி தூக்கலாப் போட்டீகளான்னு சம்பந்தியம்மா குத்தலாக் கேட்டுச்சு. இல்ல, அளவாத்தான் இருக்குன்னேன். அதுதான் என் வாயில வந்துச்சு.

கோதை இப்ப ஆறு மாசமா நம்ம வீட்டுலதான் இருக்கா. சீனிய எறக்கிட்டு வரட்டும்னு அனுப்பி வச்சிருக்காக. உள்ளூர்ல பாத்தாப் பேசுவாகன்னு இம்புட்டுத் தூரம் மதுரைக்கு வர்றோம். இன்னைக்கு மூணு மாசச் சராசரி பாத்து, இனிமே உண்டாகலாமா வேணாமான்னு டாக்டர் சொல்லுவாரு. நல்லபடியாச் சொன்னா அவ புருசன் வந்து கூட்டிட்டுப் போவாரு. அந்தப் பிள்ளை வாயக் கட்டி வயித்தக் கட்டிக் கெடக்கு தங்கச்சி. கோவாச் சட்டி இறக்குற வாசம் வரும்போது எந்திரிச்சு மொட்டை மாடிக்குப் போயிரும். என்னைய ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்டதில்ல. மறந்துட்டான்னு நெனச்சேன். கேசரி ஒட்டியிருந்துச்சுன்னு சொன்னத நம்பிட்டா, அப்படியே மறந்துட்டான்னு. அப்படி நெனச்சுத்தான் சோறு தின்னுக்கிட்டு இருந்தேன்.

இன்னைக்குக் காலையில பஸ்ஸுல வர்றோம். கிருஷ்ணன்கோவில் தாண்டியிருக்கும். ஜன்னலப் பாத்துக்கிட்டே சொல்றா:

"மதினி, எத்தனை நாளா இருக்குன்னு தெரிஞ்சா மருந்து சரியாக் குடுக்கலாம்னு போன தடவை டாக்டர் கேட்டாரு. தெரியாதுன்னுட்டேன்."

"ம்."

"அந்தப் பொண்ணு பாத்த அன்னைக்கு வந்தது என் சீனிதான?"

நான் பஸ் டிக்கெட்ட மடிச்சுக்கிட்டே இருந்தேன்.

"கலைஞ்சப்பவே யோசிச்சேன். சொன்னா, யாரு மெசின், எதுக்குக் குத்துனீகன்னு கேப்பாக. அம்மாவுக்குத் தெரிஞ்சிரும். அண்ணனுக்குத் தெரிஞ்சிரும். உங்க பேருதான் கெடும். இன்னைக்கு டாக்டர் கேட்டா என்ன சொல்லட்டும் மதினி?"

அவ குரல்ல கோவமே இல்ல தங்கச்சி. அன்னைக்கு, கழுவிட்டு வரவான்னு கேட்டாளே, அதே குரல்ல கேக்குறா. கால்ல விழுந்துருவோமான்னு இருந்துச்சு. சொல்லு தாயி, எல்லாத்தையும் சொல்லு, நான் பாத்துக்கிறேன்னு சொல்லணும். சொல்லத்தான் வாயத் தொறந்தேன்.

"அதெல்லாம் இப்ப எதுக்கு கோதை? முடிஞ்சு போனது"ன்னேன்.

"சரி மதினி"ன்னா. திரும்ப ஜன்னலப் பாக்க ஆரம்பிச்சுட்டா.

அதான் உள்ள போகல. அவ பொய் சொல்றதப் பக்கத்துல உக்காந்து கேக்க முடியாது. நெசத்தச் சொன்னாலும் கேக்க முடியாது. நீ வர்ற வரைக்கும் இந்தக் கதவையே பாத்துக்கிட்டு இருந்தேன். இப்ப கூட எந்திரிச்சுப் போயி, டாக்டர் சார், ரெண்டரை வருசத்துக்கு முந்தியே இருந்துச்சு, எனக்குத் தெரியும்னு சொல்லிரலாம். நாலு எட்டுதான். இந்தா, எந்திரிக்கிறேன். நீ பையப் பாத்துக்கோ.

கதவு தொறக்குது. அவதான். சீட்டக் கையில வச்சிருக்கா. சிரிக்கிறாளா, என்னன்னு தெரியல. கோதை! இங்கிட்டு இருக்கேன்! என்னத்தா, என்ன சொன்னாரு? கொறைஞ்சிருக்கா? நெசமாவா? இன்னும் மூணு மாசம் பாத்துட்டு உண்டாகலாம்னாரா? ஆண்டாளே, தாயே. அப்புறம் என்ன கேட்டாரு? அது, அந்த, எத்தனை நாளான்னு கேட்டாரா?

போயி மருந்த வாங்கிட்டு வா. கவுன்டரு அந்தப் பக்கம். நான் இங்கேயே இருக்கேன்.

பாத்தில்ல தங்கச்சி? கேட்டாராம். தெரியாதுன்னு சொல்லிட்டாளாம். "உங்களப் பத்தி ஒண்ணும் சொல்லல மதினி, பயப்படாதீக"ன்னு என் தோளத் தொட்டுட்டுப் போறா, பாரு. என் மூஞ்சிய அப்பப் பாத்தியா நீ? பாத்திருப்ப. எனக்கு மூச்சு வந்துச்சு. இம்புட்டையும் உன்கிட்டக் கொட்டிட்டு, அவ சொல்லலன்னதும் எனக்கு நிம்மதியாத்தான் இருக்கு. தூ. நிம்மதியாத்தான் இருக்கு.